ஐந்தாவது கேள்விக்கு எழுதிய பதில்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலை ஒட்டிய சாப்பாட்டு மேசையின் நீளப் பக்கத்தில், வெளிச்சம் இடது தோளில் விழும்படி வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே அவர் மனைவி, மடியில் ஒரு கம்பளிக் கையுறையும் ஊசிநூலுமாக. மேசையின் குறுகலான பக்கத்தில், ஹீட்டரை முதுகால் முழுசாக மறைத்துக்கொண்டு மனைவியின் தம்பி. நான்காவது ஆள் மட்டும் மேசைக்கு வரவில்லை. அது வீட்டுக்காரருடைய தம்பி மனைவி, கீழ் மாடியில் குடியிருப்பவள். கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரியின் விளிம்பில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருந்தாள். ஐந்து மணிக்கு அவளுக்கு டூட்டி. கழற்றாத கோட்டுக்குள் வெள்ளைச் சட்டைக் காலர் தெரிந்தது.

வீட்டுக்காரர் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. இருபத்திரண்டு வருஷமாக லாரிக் கம்பெனிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கடிதம் எழுதுவதே வேலை. கம்ப்யூட்டர் வந்த பிறகும், வீட்டில் எழுதுகிற சொந்தக் கடிதங்களுக்குக்கூட அடியில் கார்பன் தாள் வைத்து நகல் எடுத்து, வருஷவாரியாக ஃபைலில் போட்டுவைப்பார். கல்யாணப் பத்திரிகைக்கு வாழ்த்து அனுப்பினாலும் அதற்கு ஒரு நகல் இருக்கும். அதனால் அவருடைய தம்பி அவருக்குக் கார்பன் என்று பெயர் வைத்தான். அது தெருவுக்கும் தெரிந்து, தொழிற்சாலைக்கும் போய், கடைசியில் அவரே ஃபோனை எடுத்து "கார்பன் பேசறேன்" என்று சொல்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவன் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது.

மேசைமேல் ஏரிக்காரரின் தாள் கிடந்தது.

ஏரிக்காரர் என்பது அந்த வீட்டில் வழங்கிய பெயர். பஸ்ஸில் நான்கு மணி நேரத் தொலைவில் ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. அதில் தூண்டில் போட வருகிறவர்களைத் தன் படகில் ஏற்றி, மீன் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகிற வழிகாட்டி அவர். குளிர்காலத்தில் கெண்டை மேலே வராது. அடியில், அணை கட்டுவதற்கு முன்பு ஆறு ஓடிய பழைய பள்ளத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அந்தப் பள்ளம் எங்கே திரும்புகிறது, எங்கே ஆழம் என்பது மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. ஏரிக்காரருக்குத் தெரியும்.

அவர் ஃபோனில் ஆள் எடுப்பதில்லை. மழை விட்டதும் பழைய ஆட்களுக்கு ஒரு தாள் அனுப்புவார். அதில் ஆறு கேள்விகள். எத்தனை பேர் வருகிறீர்கள். ஒவ்வொருவரும் என்ன எடை. எந்தக் கைப்பழக்கம். நோய், மருந்து ஏதாவது உண்டா. நீச்சல் தெரியுமா. காலையில் எத்தனை மணிக்குக் கரைக்கு வருவீர்கள். பதிலைக் கையால் எழுதி அனுப்ப வேண்டும். அந்தப் பதிலை வைத்துத்தான் அவர் படகில் ஆளை உட்காரவைப்பார். கனமானவர் நடுவில், இடக்கைக்காரர் இடது ஓரம், நீச்சல் தெரிந்தவர் முன்னால், தெரியாதவர் பின்னால் அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில். மிதவைச் சட்டை அந்தப் படகில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஆகவே நீச்சல் தெரியாதவர் ஒருவருக்கு மேல் ஏற்றமாட்டார். எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. தாளைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

இந்த வருஷத் தாள் வந்தபோது அதை யாருக்கும் காட்டாமல் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் கார்பன் நினைத்தார். ஆனால் அன்றைக்குத் தபாலை வாங்கியது சின்னவள். தம்பி மனைவியை அந்த வீட்டில் சின்னவள் என்றுதான் சொல்வார்கள், கார்பனின் மனைவியைப் பெரியவள் என்று. அவள் தாளைப் படித்தாள். மடித்தாள். "போலாம். நானும் வரேன்" என்றாள். அதை மறுக்க அந்த வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்து ஒரு மணி நேரம் கையுறையைப் பற்றியே பேசினார்கள். மனைவியின் தம்பி ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை பார்ப்பவன். வருஷம் முழுக்க நெருப்புக்கு முன்னால் நிற்கிறவன் என்பதால் குளிர் என்றால் அவனுக்கு ஜென்மப் பகை. முழுக் கையுறை போட்டால் மீன் இழுப்பது விரலுக்குத் தெரியாது, போடாவிட்டால் விரலே இருப்பது தெரியாது என்று அவன் விளக்கிக்கொண்டிருந்தான். ஆகவே கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வெளியே தெரியும்படி வெட்டித் தைக்க வேண்டும். அவன் அக்கா வெட்டினாள், ஓரம் தைத்தாள், அவன் கையில் மாட்டிப் பார்த்தாள். அவன் கை பெரியது. கையுறை பாதியில் நின்றது. "உன் கைக்கு ரெண்டு ஆட்டோட கம்பளி வேணும்டா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

பிறகு தூண்டில் நரம்பைப் பற்றிப் பேசினார்கள். குளிரில் மீன் மந்தமாகக் கடிக்கும், கடித்தது போலவே இருக்காது, மெல்லிய நரம்புதான் அதைக் கைக்குக் கொண்டுவரும் என்றார் கார்பன். மண்புழுவை ஈர மண்ணோடு தகர டப்பாவில் போட்டுக் கோட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் விறைத்துப்போகும் என்றான் ரொட்டிக்காரன். பிளாஸ்க் இரண்டு. அவித்த முட்டை பத்து. ரொட்டி அவன் பொறுப்பு. பெரியவள் எல்லாவற்றையும் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாள். எல்லாம் போன வருஷமும் இதே வரிசையில் எழுதியவைதான்.

சின்னவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, அந்த மரத்துக்கும் கரைக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?"

ரொட்டிக்காரன் கையுறையைக் கழற்றினான். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். "இங்கேருந்து அந்த டயர் கடை இருக்குல்ல, அவ்வளவு" என்றான். கொஞ்சம் யோசித்து, "அதுகூட இருக்காது" என்றான்.

அவள் எழுந்து ஜன்னலுக்கு வந்து டயர் கடையைப் பார்த்தாள். திரும்பவும் செருப்பு அலமாரிக்கே போய்விட்டாள்.

போன வருஷம் நடந்தது இவ்வளவுதான். குளிர்காலத்தில் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கும். முங்கிப்போன பழைய தோப்பின் அடிமரங்கள் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நிற்கும். பனிமூட்டத்தில் ஒரு மரத்தின்மேல் படகின் மூக்கு ஏறி, பக்கவாட்டில் சாய்ந்தது. மூன்று பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். பின்னால் இருந்த கார்பனுக்கு மிதவைச் சட்டை முகத்துக்கு ஏறி, பட்டை கழுத்தை இறுக்கியது. ஏரிக்காரர் தண்ணீரில் குதித்து முதலில் அவரிடம்தான் வந்தார். வரும்போதே முன்பக்கம் திரும்பி, "நீங்க மரத்தப் புடிச்சுட்டு இருங்க, இதோ வந்துடறேன்" என்று தம்பிக்குக் குரல் கொடுத்தார். கார்பனை இழுத்துப் படகில் போடுவதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகியிருக்கும். பிறகு திரும்பிப் பார்த்தால் மரத்துக்குப் பக்கத்தில் யாருமில்லை. ரொட்டிக்காரன் இரண்டு தடவை முங்கித் தேடினான். தம்பியை மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள்.

படகு அலுவலகத்தில் விசாரித்தபோது ஏரிக்காரர் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நீந்தத் தெரிந்த ஆள், பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அதைக் கேட்டு ரொட்டிக்காரன் அங்கேயே அவர் சட்டையைப் பிடிக்கப் போனான். இரண்டு பேர் சேர்ந்து அவனை விலக்கினார்கள்.

இந்த வருஷத் தாளோடு ஏரிக்காரர் தனியாகச் சின்னதாக ஒரு கடிதமும் வைத்திருந்தார். கார்பன் அதை இப்போதுதான் எடுத்து வாசித்தார். படகு ஓட்டும் அனுமதியை நிறுத்திவைத்திருக்கிறார்கள். வருகிற பன்னிரண்டாம் தேதி கடைசி விசாரணை. முன்னால் உட்காரவைத்தவருக்கு நீச்சல் தெரியும் என்று உமக்கு யார் சொன்னது என்று கேட்கிறார்கள். உங்கள் கடிதத்தில் இருந்தது என்றேன். அந்தக் கடிதம் அன்றைக்கு என் சட்டைப் பையில் இருந்தது, தண்ணீரில் கரைந்துவிட்டது. தங்களிடம் நகல் இருந்தால் அனுப்பிவைக்கவும். இல்லாவிட்டால் பாதகமில்லை. எப்படியானாலும் தாளைப் பூர்த்திசெய்து அனுப்பவும். அனுமதி கிடைக்காவிட்டால் கூட்டாளி படகை ஓட்டுவார், நான் கரையில் நிற்பேன்.

ரொட்டிக்காரன் நாற்காலியை நகர்த்தினான். ஹீட்டரின் சூடு இப்போதுதான் மற்றவர்களுக்கு வந்தது.

"நகல் இல்லன்னு ஒரு வரி எழுதிடுங்க அத்தான். நீச்சல் தெரிஞ்சா மட்டும்? அந்தத் தண்ணில கை கால் விறைச்சுப் போகாதா? ஒரே ஒரு சட்டைய வெச்சுக்கிட்டு மூணு பேர ஏத்தினது யாரு? அந்தாளு ஒரு காகிதத்தைக் காட்டித் தப்பிச்சுடுவாரு. நாம அத நம்ம கையாலயே எடுத்துக் குடுக்கணுமா?"

இருக்கிற காகிதத்தை இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும் என்று பெரியவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். அவன் பதிலுக்கு ஏதோ சொன்னான். அவள் ஏதோ சொன்னாள். அக்காவுக்கும் தம்பிக்கும் நடக்கிற பழைய பேச்சுதான், சத்தம் ஏறாமல், ஓய்ந்தும் போகாமல். கார்பன் எழுந்துபோய் அலமாரியிலிருந்து போன வருஷ ஃபைலை எடுத்துவந்தார். தேதி வரிசையில் இருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை.

நீல எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது. ஐந்தாவது கேள்விக்கு நேராக மூன்று பதில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எனக்கு: தெரியாது. மைத்துனருக்கு: தெரியும். தம்பிக்கு: தெரியும்.

தம்பிக்கு நீச்சல் தெரியாது.

அது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம். அண்ணனும் தம்பியும் வளர்ந்த ஊரில் குளிப்பதற்கே லாரித் தண்ணீர்தான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. மூன்று வருஷமாகக் கார்பனும் ரொட்டிக்காரனும் மட்டும் ஏரிக்குப் போய்வந்தார்கள். தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக். குளிர்காலத்தில் அவனுக்கு வேலை குறைவு. போன வருஷம் நானும் வரேன் என்று ஒட்டிக்கொண்டான். இதே மேசையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து கார்பன் ஐந்தாவது கேள்விக்கு வந்தபோது பேனா நின்றது. தம்பி எதிரே ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தான். அவர் நிறுத்தியதைப் பார்த்துவிட்டு, "தெரியும்னு போடுண்ணே. நாம என்ன தண்ணிக்குள்ளயா உக்காரப் போறோம், படகுக்குள்ளதான?" என்றான். ஒரு சுளையை அண்ணனுடைய தாளின் ஓரத்தில் வைத்தான். கார்பன் எழுதினார். அது தட்டச்சுப் பிழை இல்லை, கைப் பிழையும் இல்லை. நீச்சல் தெரியாத இருவரில் யாராவது ஒருவர் வீட்டில் நிற்க வேண்டியிருந்தது. அவர் நிற்கத் தயாராக இல்லை.

இப்போது நகலை வைத்துக்கொண்டு அவர் யோசித்தார். யோசித்தார் என்று சொல்வதுகூட அதிகம். கணக்குப் போல ஒன்று தானாகவே நடந்தது. நகலை அனுப்பினால் ஏரிக்காரருக்கு அனுமதி கிடைத்துவிடும். தம்பிக்கு நீச்சல் தெரியும் என்பது எல்லோரும் நம்புகிற விஷயமாக அப்படியே இருந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. வழி தெளிவாக இருந்தது. அது அவருக்கு ஒரு நிம்மதியையும் தரவில்லை, ஒரு பயத்தையும் தரவில்லை. போன வருஷத்திலிருந்தே எதுவும் எதையும் தருவதில்லை.

"அனுப்பறேன்" என்றார்.

ரொட்டிக்காரன் எழுந்தான். நாலரைக்கு மாவு பிசைய வேண்டும் என்று சொன்னான். உண்மையில் ஆறு மணிக்குத்தான். வாசலில் நின்று, "என் வெயிட்டு போன வருஷத்தோடத போட்டுடாதீங்க. ஏழு கிலோ குறைஞ்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் சின்னவளைக் கொண்டுவிட்டு வரும்படி பெரியவள் கார்பனிடம் சொன்னாள். மூன்று மாடி இறங்கி, மருந்துக் கடையைத் தாண்டி, டயர் கடை வரைக்கும் இருவரும் நடந்தார்கள். டயர் கடைக்காரன் ஒரு சைக்கிள் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவள் அங்கே நின்று திரும்பி, வந்த வழியை அளப்பதுபோலப் பார்த்தாள். மாடி ஜன்னலில் பெரியவள் காயப்போட்டிருந்த துண்டு தெரிந்தது.

நிறுத்தத்தில் சிமெண்டு பெஞ்சு சில்லிட்டிருந்தது. அவள் ஒரு முனையில் உட்கார்ந்தாள், அவர் மறு முனையில். அவளுக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஒரு நாளைக்கு எண்பது பேர் கையில் ஊசி போட்டு, எண்பது குழாயில் பெயர் ஒட்டுவாள். ஒட்டியதை இரண்டு தடவை சரிபார்ப்பாள். அவள் பேசுவதும் அப்படித்தான் இருக்கும்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"நான் இந்தப் பதினொரு மாசமா யார்கிட்டயும் கேக்கல. அன்னிக்குக் காலைல அவரு கிளம்பும்போது எங்களுக்குள்ள பேச்சு முத்திப்போச்சு. சின்ன விஷயந்தான். பாத்ரூம் குழாய் ஒழுகுது, ஊர்ல இருக்கிற ஃபிரிட்ஜெல்லாம் ரிப்பேர் பண்றீங்க, இதப் பாக்க மாட்டேங்கறீங்கன்னு ஆரம்பிச்சேன். எங்கெங்கயோ போயிடுச்சு. போங்க, திரும்பியே வராதீங்கன்னுட்டேன்."

ஒரு பஸ் வந்தது. அவளுடையது இல்லை. கதவு திறந்து, மூடி, போனது.

"எல்லாருமே சொல்றாங்க, அவருக்கு நல்லா நீச்சல் தெரியும்னு. அண்ணா சொல்றாரு. படகுக்காரரு சொல்றாரு. நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. கரை இதோ இந்த டயர் கடைக்கு எங்க வீட்லேருந்து இருக்கிற தூரந்தான். நீச்சல் தெரிஞ்ச மனுஷன் ஏன் மாமா வரல? வரவேண்டாம்னே இருந்துட்டாரா? நான் சொன்னதுக்காக?"

அவள் அழவில்லை. கைப்பையின் பட்டையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அதப் பாக்கத்தான் வரேன்னு சொன்னேன். மீனுக்காக இல்ல. தூரத்தக் கண்ணால பாத்துட்டா ஒரு முடிவுக்கு வந்துடலாம்ல?"

கார்பன் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். அவர் சொல்லத் தொடங்கியபோது, சரக்கு ஏன் தாமதமாயிற்று என்று வாடிக்கையாளருக்கு விளக்குகிற அதே குரல்தான் வந்தது. அது அவருக்கே கேட்டது. மாற்ற முடியவில்லை.

"அவனுக்கு நீச்சல் தெரியாதும்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியவே தெரியாது. முழங்கால் தண்ணில கூட நின்னதில்ல. தெரியும்னு நான்தான் எழுதினேன். தெரியாத ஆளு ஒருத்தருக்கு மேல படகுல ஏத்த மாட்டாங்க. நான் ஒருத்தன் ஏற்கெனவே இருந்தேன்."

"அவருக்குத் தெரியுமா, நீங்க அப்படி எழுதினது?"

"பக்கத்துல உக்காந்துதான் இருந்தான். போடுண்ணேன்னு சொன்னான். ஆனா கை என்னோடது."

பெஞ்சுக்குப் பின்னால் டயர் கடைக்காரன் ட்யூபில் காற்றடித்தான். ஐந்தாறு அடி அடித்து நிறுத்தினான்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் கார்பன். "படகுக்காரரு என்னை இழுக்கறப்ப என் வாயெல்லாம் தண்ணி. தண்ணி இல்லாத நேரமும் கொஞ்சம் இருந்துச்சு. அப்பவாவது, அவனுக்குத் தெரியாது, அவனைப் பாருங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஏன்னு எனக்குத் தெரியல. எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதான்னு இருந்துட்டேன் போல."

அவளுடைய பஸ் வந்தது. அவள் எழவில்லை. கண்டக்டர் ஒரு தடவை பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போனது. டூட்டிக்கு அவள் தாமதமாவது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அப்ப அவரு வரணும்னுதான் இருந்திருக்காரு" என்றாள் அவள். "வர முடியல."

"ஆமாம்மா."

"பதினொரு மாசம், மாமா. தினமும் ராத்திரி அந்தக் குழாய் சொட்டும். நான் எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன். நீங்க மேல் மாடில இருந்தீங்க. நடுவுல இருபது படி."

அவர் தலை குனிந்தார். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்.

அடுத்த பஸ் வந்தபோது அவள் எழுந்தாள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "தாள்ல என் பேரைப் போடுங்க. ஐம்பத்தோரு கிலோ, வலது கை, மருந்து எதுவுமில்ல. அஞ்சாவதுக்குத் தெரியாதுன்னு போடுங்க" என்றாள். உள்ளே போய் மறுபக்கத்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து கார்பன் விளக்கைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். பெரியவள் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் அவளை உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்வதால் எளிதாகவில்லை, கடினமாகவும் ஆகவில்லை. அவள் கேட்டு முடித்து, கையுறைகளை ஜோடி சேர்த்து அடுக்கினாள். "பத்தொம்பது வருஷமா ஒரே தட்டுல சாப்பிடறோம்" என்றாள். அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரத்தைக் கழுவினாள்.

அவர் தாளைப் பூர்த்திசெய்தார். எத்தனை பேர் என்பதற்கு மூன்று என்று எழுதப்போனவர் கேள்விகளை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு இரண்டு என்று எழுதினார். மைத்துனர், எண்பத்தொன்பது கிலோ, வலது கை, நீச்சல் தெரியும். தம்பி மனைவி, ஐம்பத்தொன்று, வலது கை, தெரியாது. சட்டையை அவளுக்குக் கொடுக்கவும் என்று ஓரத்தில் சேர்த்தார்.

அடுத்து ஏரிக்காரருக்கான கடிதம். கார்பன் தாள் வைத்தே எழுதினார்.

'ஐயா, தாங்கள் கேட்ட நகலை இத்துடன் அனுப்பியுள்ளேன். என்னிடம் இருந்தது இது ஒன்றே. இதில் ஐந்தாவது கேள்விக்கு என் தம்பியைப் பற்றி எழுதிய பதில் பொய். அவனுக்கு நீச்சல் தெரியாது என்று தெரிந்தே நான் எழுதினேன். தாங்கள் என் கடிதத்தை நம்பித்தான் அவனை முன்னால் உட்காரவைத்தீர்கள், என்னை முதலில் எடுத்தீர்கள். இதைத் தங்கள் அலுவலகத்தில் காட்டலாம். அவர்கள் என்னைக் கூப்பிட்டால் வருகிறேன். இந்த வருஷம் இரண்டு பேர் வருகிறார்கள். நான் வரவில்லை.'

கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். ஒரு திருத்தமும் இல்லை.

மறுநாள் காலை தொழிற்சாலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு முதலில் ரொட்டிக்கடைக்குப் போனார். பின்வாசல் வழியாக உள்ளே போனால் சூடு முகத்தில் அறைந்தது. ரொட்டிக்காரன் நீளத் துடுப்பால் அடுப்பிலிருந்து ரொட்டிகளை இழுத்துப் பலகையில் தள்ளிக்கொண்டிருந்தான். கார்பன் நின்றபடியே சொன்னார். அவன் துடுப்பை நிறுத்தவில்லை. பன்னிரண்டு ரொட்டியும் வெளியே வந்த பிறகு அடுப்புக் கதவைச் சாத்தினான். கையைத் துடைத்தான்.

"ரெண்டு தடவைதான் முங்கினேன் அத்தான்" என்றான்.

"தெரியும் மாப்ளே."

"தெரியாது உங்களுக்கு. மூணாவது தடவை முங்க மூச்சு இருந்துச்சு. உங்க தம்பிக்கு நீச்சல் தெரியுமே, பனியில அந்தப் பக்கமாப் போய்க் கரையேறியிருப்பாருன்னு விட்டுட்டேன். ஏறி நின்னு சிரிச்சுக்கிட்டிருப்பாருன்னுகூட நெனச்சேன்."

மாவு ஒட்டிய பலகையைச் சுரண்ட ஆரம்பித்தான். சுரண்டிச் சுத்தமான இடத்தையே திரும்பவும் சுரண்டினான். அந்தப் படகுக்காரர் சட்டையைப் பிடிக்கப் போனேனே என்று தனக்குள் பேசுவதுபோல ஒரு தடவை சொன்னான். பிறகு, ஏரிக்கு நான் போறதுதானே, சின்னவங்க தனியாப் போக முடியாதுல்ல என்றான். அவர் தலையாட்டினார். "எனக்கு இப்ப உங்களப் பாக்க வேணாம் அத்தான். நாளைக்கு வாங்க" என்றான். அவர் பின்வாசல் வழியாகவே வெளியேறினார்.

தபால் ஆபீஸ் அப்போதுதான் திறந்திருந்தது. கார்பன் ஃபோனில் சொல்லியிருந்தபடி சின்னவள் இரவு டூட்டி முடித்து நேராக அங்கே வந்திருந்தாள். எழுதும் மேசைக்குப் பக்கத்தில் கோட்டோடு நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவர் கடிதத்தை நீட்டினார். அவள் நின்றபடியே வாசித்தாள். பிறகு தாளை வாசித்தாள். எத்தனை பேர் என்ற இடத்தில் அவள் விரல் ஒரு தடவை நின்றது. குழாய்களைச் சரிபார்க்கிறவளுக்கு உரிய ஒழுங்கோடு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். சரி என்று தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அவர் கடிதத்தின் நகலை அவளிடம் கொடுத்தார். அவள் அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வரேன் என்று சொல்லவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மூன்று காகிதங்களையும் அவர் உறைக்குள் வைத்தார். பசைக் கிண்ணத்தில் பசை இறுகிக் கிடந்தது. குச்சியால் கிளறி, கொஞ்சம் எடுத்து, மடிப்பு நெடுகத் தடவினார். கட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அழுத்தினார். விரலில் குளிர் தெரிந்தது.

கவுண்டரில் இருந்த அம்மாள் உறையைத் தராசில் வைத்தாள். பதிவுத் தபாலா, சாதாரணமா என்று கேட்டாள். பதிவு என்றார். அவசரமா என்று கேட்டாள்.

"பன்னண்டாம் தேதிக்குள்ள போனாப் போதும்."

அவள் தபால்தலை ஒட்டி, முத்திரையை இரண்டு தடவை குத்தி, பின்னால் திரும்பாமலே உறையைக் கோணிப்பைக்குள் போட்டாள். ரசீதைக் கிழித்து நீட்டினாள். வரிசையில் அடுத்து நின்றவர், கொஞ்சம் நகருங்க சார் என்றார்.

அவர் நகர்ந்தார்.